பாக்கும் தியாகராஜரும் ஒரே வீட்டில்

புராக்ரசிவ் ராக் கேட்பவர்களிடம் 'கான்செப்ட் ஆல்பம்' என்று சொன்னால் உடனே ஜெத்ரோ டல்லின் 'திக் ஆஸ் எ பிரிக்' (1972), பிங்க் ஃபிளாயிடின் 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' (1973) என்று அடுக்குவார்கள். தனித்தனிப் பாட்டுகளின் தொகுப்பாக இல்லாமல், மொத்த ஆல்பமும் ஒரே எண்ணத்தைச் சுற்றி வரவேண்டும். அதுதான் அதன் இலக்கணம். தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இருக்கா? என் பதில், இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986). ராக் இல்லை, பாட்டு வரிகளும் இல்லை. ஆனால் கான்செப்ட் இருக்கிறது.

ஆல்பம் பாக்குக்கும் தியாகராஜருக்கும் சமர்ப்பணம். பாக் இறந்தது 1750. தியாகராஜர் பிறந்தது 1767. பதினேழு வருஷ இடைவெளி, நடுவில் கடல் வேறு. சந்தித்திருக்கவே முடியாத இரண்டு பேரை, அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த ஒருவர் உட்காரவைத்துப் பேசவிடுகிறார்.

இது லேசுப்பட்ட வேலை இல்லை. பாக்கின் இசையில் பல குரல்கள் ஒரே நேரத்தில் நகரும். ஒவ்வொரு ஸ்வரமும் இருக்கிற இடத்தில் அசையாமல் நிற்கணும். ராகத்தில் குரல் ஒன்றுதான், ஆனால் ஸ்வரம் கமகத்தில் அசைந்தால்தான் அதற்கு உயிர். அசைகிற ஸ்வரத்தோடு அசையாத ஸ்வரத்தைச் சேர்த்தால் உரசும்.

ஜெத்ரோ டல் 1969-ல் பாக்கின் 'பூரே'யை எடுத்துப் புல்லாங்குழலில் ஜாஸ் நடைக்கு மாற்றினார்கள். கேட்க அருமையா இருக்கும், ஆனால் பாக் அவர்கள் வழிக்கு வந்தாகணும். ராஜா 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' பகுதியில், பாக் தனி வயலினுக்கு எழுதிய ஈ மேஜர் பார்ட்டிட்டாவின் முன்னிசையை ஓடவிட்டு, அதனோடு தன் இசையைச் சேர்க்கிறார். விருந்தாளியை வேட்டி கட்டச் சொல்லவில்லை.

சரி, பேண்ட் எங்கே? ராக் பேண்டில் நாலைந்து பேர், அட்டையிலேயே முகம் இருக்கும். சென்னையில் இருந்தது கால்ஷீட் கணக்கில் வந்து, நோட்டேஷனைப் பார்த்து வாசித்துவிட்டு அடுத்த ஸ்டுடியோவுக்குப் போகிற சினிமா இசைக்கலைஞர்கள். அவர்களில் ஒருவரான வி.எஸ்.நரசிம்மனின் வயலின்தான் இந்த ஆல்பத்தின் குரல். ஐரோப்பிய வில்வீச்சு, கமகம் இரண்டுமே அவர் கையில் இருந்தன. பிற்பாடு மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் தொடங்கிக் கீர்த்தனைகளை நான்கு தந்திக் கருவிகளுக்குக் கொண்டுபோனார்.

சினிமாவுக்கு வெளியே பிறந்த இந்த இசை, சினிமாவுக்கே திரும்பியது. பாடலே இல்லாத 'வீடு' (1988) படத்துக்கு இதைத்தான் பாலுமகேந்திரா பின்னணியாகப் பயன்படுத்தினார். திருநகரில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் இதைப் போட்டால், பாக் யாரென்றே தெரியாதவர்களும் 'இது வீடு படத்து மியூசிக்தானே' என்கிறார்கள்.

பத்துப் பகுதிகளின் தலைப்புகளை வரிசையாகப் படியுங்க. 'எப்படிப் பெயர் வைக்க?' என்று ஆரம்பிக்கும். பிறகு 'உன்னால் சுதந்திரமாக இருக்க முடியாது', 'அது நிர்ணயிக்கப்பட்டது'. அப்புறம் தியாகராஜருக்கு வரவேற்பு, பாக்குடன் சந்திப்பு, பேச்சு. அடுத்து 'ஒப்பிடாதே'. கடைசியில் 'எதையும் செய்!'. கட்டுப்பாட்டில் தொடங்கி, இரண்டு மேதைகளோடு பேசி, விடுதலைக்கு வந்து சேர்கிற கதை இது. அதனால்தான் சொல்கிறேன், ஷஃபிள் போடாமல் கேளுங்க.