மஞ்சள் கோட்டில் ஒரு நாள்: தில்லி காலி பண்ணச் சொன்ன கதைகள்

தில்லிக்குச் சுத்திப்பார்க்க வர்ற நம்மூர்க்காரங்களுக்குன்னு ஒரு வழக்கமான ரூட் இருக்கு. காலைல டூரிஸ்ட் பஸ். பிர்லா மந்திர், இந்தியா கேட், குதுப் மினார், தாமரைக் கோவில். சாயங்காலம் கரோல் பாக்ல ஸ்வெட்டர் பேரம். மறுநாள் ஆக்ரா. குறை சொல்லலை, ஊர்லேர்ந்து வந்த சொந்தக்காரங்களை நானும் இப்படித்தான் பஸ் ஏத்தி அனுப்பியிருக்கேன். ஆனா கூடுதலா ஒரே ஒரு நாள் கையில இருந்தா பஸ்ஸை விட்டுடுங்க. மெட்ரோவில் மஞ்சள் கோட்டுல ஏறுங்க.

ஏன் மஞ்சள் கோடுன்னா, அது தெற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய தில்லியின் வரலாற்று வரிசையிலேயே போகுது. குதுப் மினார்ல 12ஆம் நூற்றாண்டு, ஹௌஸ் காஸ்ல 14, ஜோர் பாக்ல 15, சாந்தினி சௌக்ல 17. நடுவுல வெள்ளைக்காரன் கட்டின புதுதில்லி மட்டும் வரிசையில் குறுக்கே நுழைஞ்சு நிக்குது. (வரிசையில நிக்காம நுழையறது தில்லிக்குப் புதுசா என்ன!) இன்னொரு விஷயமும் இருக்கு. எந்த ஸ்டேஷன்ல இறங்கினாலும் "இடத்தைக் காலி பண்ணு"ன்னு யாரோ யாரையோ விரட்டின கதை ஒண்ணு கிடைக்கும். பஸ்ல வர்ற கைடு மினார் எத்தனை மீட்டர்னு சொல்லுவார், இதைச் சொல்ல மாட்டார். அதனால நான் சொல்றேன்.

தில்லி மெட்ரோ முதல்ல ஓடினது 2002 டிசம்பர் 24, ஷாதரா - தீஸ் ஹஸாரி நடுவுல. மஞ்சள் கோடு 2004ல வடக்குப் பக்கம் ஆரம்பிச்சு, 2010ல குதுப் மினாரைத் தொட்டுச்சு. வண்டி போற திசையில முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும், ஆம்பளைங்க தெரியாம ஏறிட்டு முழிக்காதீங்க.

குதுப் மினார் ஸ்டேஷன்ல இறங்கினா எதிர்லயே மினார் இருக்காது, ஆட்டோ பிடிக்கணும். 72.5 மீட்டர். குத்புதீன் ஐபக் ஆரம்பிச்சு, மருமகன் இல்துமிஷ் உசத்தினது. பக்கத்து மசூதியின் தூண்களைக் கிட்டப் போய்ப் பாருங்க. மணி, சங்கிலி, பூர்ணகும்பம்னு நம்ம கோவில் தூண் மாதிரியே இருக்கும். 27 கோவில்களின் கற்களை எடுத்துக் கட்டினதா வாசல் கல்வெட்டே சொல்லுது. ஆக, இங்கே முதல்ல காலி பண்ணினது சாமிங்க. மினார் உச்சியும் தப்பலை. ராபர்ட் ஸ்மித்ங்கிற ஆங்கிலேய மேஜர் 1828ல மேலே ஒரு மண்டபக் குடையை வச்சார். பார்க்கச் சகிக்கலைன்னு 1848ல அதை இறக்கிட்டாங்க. இன்னிக்கும் புல்தரையில அநாதையா நிக்குது. மினார் மேல ஏறலாமான்னு கேக்காதீங்க. 1981 டிசம்பர்ல படிக்கட்டு நெரிசல்ல 45 பேர் செத்தாங்க, பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க. அப்புறம் திறக்கவே இல்லை.

மெஹ்ரௌலி கிராமத்துக்குள்ள கொஞ்சம் நடந்தா ஜாஃபர் மஹல் வரும். கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜாஃபர் தனக்குன்னு ஒரு கல்லறை இடம் ஒதுக்கி வச்சது இங்கதான். அது காலியாவே கிடக்கு. ஏன்னு சாந்தினி சௌக் வந்ததும் சொல்றேன்.

திரும்பி வண்டி ஏறினா அடுத்த ஸ்டேஷனுக்குள்ள ரயில் பூமிக்குள்ள போயிடும். ஹௌஸ் காஸ்ல இறங்குங்க. அலாவுதீன் கில்ஜி தன்னோட சிரி நகரத்துக்குத் தண்ணிக்காக வெட்டின குளம், பின்னாடி பிரோஸ் ஷா துக்ளக் தூர் வாரி, கரையில மதரஸா கட்டி, தனக்கே ஒரு சமாதியும் கட்டிக்கிட்டார். இப்போ சுத்திலும் காபி கடை, துணிக்கடை.

துக்ளக்குன்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது சோ. முகமது பின் துக்ளக்கை நாடகமாவும் சினிமாவாவும் பார்த்துச் சிரிச்சிருக்கோம். நிஜ துக்ளக் 1327ல தலைநகரத்தை தௌலதாபாதுக்கு மாத்தினார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல நடந்தவங்களுக்கு அது சிரிப்பா இருந்திருக்காது. நடக்க முடியாத ஒரு கண் தெரியாதவரை இழுத்துக்கிட்டே போகச் சொல்லி, கடைசியில கால் மட்டும்தான் போய்ச் சேர்ந்துச்சுன்னு இபின் பதூதா எழுதி வச்சிருக்கார். அவர் தில்லிக்கு வந்ததே 1334ல, ஏழு வருஷம் கழிச்சு. அதனால ஊர்ல பேசிக்கிட்டதைத்தான் எழுதியிருக்கார்னு எடுத்துக்கணும். ஊர் முழுக்கக் காலியாகலை, அதிகாரிகள், மார்க்க அறிஞர்கள், பெரிய குடும்பங்கள்தான் போனாங்கன்னு பல ஆய்வாளர்கள் சொல்றாங்க. ஆனா எவ்வளவு வலிச்சிருந்தா அப்படி ஒரு கதை உண்டாகியிருக்கும்? அது எனக்கு முக்கியமாப் படுது. சில வருஷத்துல சுல்தானே மனசு மாறி, எல்லாரும் திரும்பிப் போகலாம்னுட்டார்.

இபின் பதூதா பின்னாடி நம்ம மதுரைக்கும் வந்தார். மதுரை சுல்தான் தாம்கானியும் இவரும் ஒரே வீட்டுப் பெண்களைக் கட்டினவங்க. அதாவது சகலை! சகலை வீட்டுக்கு விருந்துக்கு வந்துட்டு, சகலையோட கொடுமையைப் புட்டுப்புட்டு எழுதி வச்சுட்டுப் போனார் மனுஷன்.

ஜோர் பாக்ல இறங்கினா லோதி தோட்டம். காலைல தில்லியின் பெரிய மனுஷங்க எல்லாம் வாக்கிங் போற இடம். சையது, லோதி சுல்தான்களின் சமாதிகளுக்கு நடுவுல கைர்பூர்னு ஒரு கிராமம் இருந்துச்சு. வைஸ்ராய் மனைவி பேர்ல பூங்கா வைக்கிறதுக்காக அந்த ஜனங்களை வெளியேத்தினாங்க. 1936ல லேடி வில்லிங்டன் பார்க் திறந்தாச்சு. செத்தவங்க இருக்கலாம், உயிரோட இருக்கறவங்க இருக்கக்கூடாதுன்னு கணக்கு.

சென்ட்ரல் செக்ரடேரியட் தான் பெரிய கதை. 1911 டிசம்பர் 12, தர்பார்ல ஐந்தாம் ஜார்ஜ் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும்னு அறிவிச்சார். மூணு நாள்ல வடக்கே அடிக்கல்லும் நட்டார். அந்த இடம் வெள்ளம் வர்ற பூமின்னு பின்னாடி யோசிச்சு, தெற்கே ரைசினா குன்றைத் தேர்ந்தெடுத்தாங்க. சரி, ராஜா நட்ட கல் என்னாச்சு? அதையும் பேர்த்து எடுத்துட்டு வந்தாங்க. கல்லுக்கே அந்த கதின்னா ஜனங்களுக்கு?

ரைசினா, மால்ச்சா எல்லாம் கிராமங்கள். கோதுமை விளைஞ்ச நிலம். 1894ஆம் வருஷ நிலம் கையகப்படுத்தும் சட்டத்தை வச்சு எடுத்துக்கிட்டாங்க. மால்ச்சாக்காரங்க பலபேர் ஹரியானாவில் சோனிபட் பக்கம் போய்க் குடியேறினாங்க. நூறு வருஷம் கழிச்சும் வாரிசுகள் நஷ்டஈடு கேட்டு கோர்ட் படி ஏறினாங்க. இன்னிக்கு மால்ச்சா மார்க்ங்கிறது தூதரகங்களும் பங்களாக்களும் இருக்கிற ரோடு. பேர் மட்டும் போகலை.

இப்படி எடுத்த இடத்துல லட்யன்ஸும் பேக்கரும் போட்ட சண்டை வேற கதை. சரிவு சரியில்லாததால, கீழேயிருந்து ஏறி வரும்போது வைஸ்ராய் மாளிகை ஒரு கட்டத்துல கண்ணுக்கே மறையும். விஜய் சௌக்ல நின்னு பாருங்க, இப்பவும் தெரியும், அதாவது தெரியாது :-) நெப்போலியனுக்கு வாட்டர்லூ, எனக்கு பேக்கர்லூன்னு லட்யன்ஸ் நொந்துக்கிட்டார். 1931 பிப்ரவரியில திறப்பு விழா. பதினாறே வருஷம், 1947ல மூட்டை கட்டிட்டாங்க.

ராஜீவ் சௌக்குக்கு மேலேதான் கனாட் பிளேஸ். அந்த வெள்ளைத் தூண் வட்டத்துக்காக மாதோகஞ்ச், ஜெய்சிங்புரான்னு கிராமங்கள் போச்சு. ஜந்தர் மந்தரையும் அனுமார் கோவிலையும் விட்டு வச்சாங்க. அங்கேயிருந்து போனவங்களைக் குடியேத்தின இடம்தான் கரோல் பாக். 1947ல பஞ்சாப்லேர்ந்து உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தவங்களும் அங்கேதான் வந்து சேர்ந்தாங்க. சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலைக்கு வந்த நம்ம தமிழ்க் குடும்பங்களும் அங்கேயே வீடு பிடிச்சாங்க. ஸ்வெட்டருக்குப் பேரம் பேசும்போது இதை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.

அடுத்தது புதுதில்லி ரயில் நிலையம், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல வந்தவங்களுக்குத் தெரியும். அதைத் தாண்டினா சாந்தினி சௌக். ஷாஜஹான் 1639ல ஆரம்பிச்ச நகரம், 1648ல செங்கோட்டைக்குக் குடிவந்தார். பத்தே வருஷத்துல மகன் ஔரங்கசீப் அவரை ஆக்ராவில் சிறை வச்சுட்டார். கடைவீதியை வடிவமைச்சது மகள் ஜஹானாரா. நடுவுல கால்வாய் ஓடுச்சு. இப்போ பகல்ல மோட்டார் வண்டிக்குத் தடை, சைக்கிள் ரிக்‌ஷா உண்டு. திங்கட்கிழமை செங்கோட்டை லீவு, மறந்துடாதீங்க.

1857 செப்டம்பர்ல ஆங்கிலேயப் படை காஷ்மீரி கேட்டை உடைச்சு உள்ளே வந்துச்சு. ஊரே காலி. தப்பிச்ச ஜனங்கள் குதுப் பக்கமும் நிஜாமுதீன் பக்கமும் போய், பழைய சமாதிகள்லயும் இடிபாடுகள்லயும் குளிரைத் தாங்கிக்கிட்டுக் கிடந்தாங்க. முதல்ல இந்துக்களைத் திரும்ப விட்டாங்க, முஸ்லிம்களை ரொம்ப நாள் விடலை. ஜாமா மசூதியைத் திருப்பிக் கொடுத்தது 1862ல. கோட்டைக்குள்ள இருந்த மாளிகைகள்ல பெரும்பகுதியை இடிச்சு பாரக்ஸ் கட்டினாங்க. ஹுமாயூன் சமாதியில ஒளிஞ்சிருந்த ஜாஃபரைப் பிடிச்சு, விசாரணை நடத்தி, 1858ல ரங்கூனுக்கு அனுப்பினாங்க. 1862ல அங்கேயே இறந்தார். மெஹ்ரௌலி இடம் காலியா இருக்கிறது அதனாலதான். கவிஞர் காலிப் மட்டும் பல்லிமாரான் தெருவுல தன் வீட்டை விட்டு நகராம, போனவங்க பேரை எல்லாம் கடிதம் கடிதமா எழுதிக்கிட்டு இருந்தார். அந்த ஹவேலி இருக்கு, போய்ப் பாருங்க.

இதே ஹுமாயூன் சமாதியும் புரானா கிலாவும் 1947ல மறுபடியும் அகதி முகாம். இந்தத் தடவை பாகிஸ்தான் போகக் காத்திருந்த முஸ்லிம்கள்.

பொழுது இருந்தா ஜிடிபி நகர் வரைக்கும் போய், அங்கேருந்து ஆட்டோ வச்சு கொரோனேஷன் பார்க் போங்க. 1911 தர்பார் நடந்த திடல். இந்தியா கேட் பக்கத்துல குடையின் கீழே நின்ன ஐந்தாம் ஜார்ஜ் சிலையை 1968ல எடுத்துட்டாங்க. ரொம்ப வருஷம் வெறுமையாக் கிடந்த அந்தக் குடைக்கு 2022ல நேதாஜி குடிவந்தார். ஜார்ஜ் இங்கேதான் நிக்கிறார், தலைநகரத்தை மாத்துறேன்னு சொன்ன அதே இடத்துல. நான் போனப்ப பையனுங்க பக்கத்துலயே கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருந்தாங்க. திரும்பி வர ஆட்டோ கிடைக்கிறது கஷ்டம், போன ஆட்டோவையே நிறுத்தி வச்சுக்கோங்க.