தேயிலையில் ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும்

பச்சைத் தேயிலை இலை கருந்தேயிலையாக மாறுவது ஓர் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க வினை ஆகும். தேயிலைத் தொழிற்சாலைகளில் இது 'நொதித்தல்' எனப்படுகிறது. எனினும் இதை நிகழ்த்துவது நுண்ணுயிரிகள் அல்ல. இலையிலேயே உள்ள ஒரு நொதி.

வரலாறு

தேனி மாவட்டத்தின் ராசிங்காபுரம், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களை அடுத்து உயரும் மலைத்தொடரில் ஏலமும் தேயிலையும் விளைகின்றன. மூணாறு பகுதியின் கண்ணன் தேவன் மலையில் 1880-ஆம் ஆண்டளவில் தேயிலை பயிரிடப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு தயாரான தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடப் பாதையில் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, வண்டிகளில் போடிக்கு வந்தது. கசங்கிய இலையில் வினை உடனே தொடங்கிவிடும். எனவே பச்சை இலையாக அன்றி, மலையிலேயே பதப்படுத்திய உலர்ந்த தேயிலையாகவே அது கீழே அனுப்பப்பட்டது.

இதே காலத்தில், இந்தியத் தேயிலைச் சங்கத்தின் அறிவியல் அதிகாரியாக இருந்த ஹரோல்ட் மான், இந்த மாற்றத்துக்குக் காரணமான நொதியை ஆராய்ந்தார். நுண்ணுயிரிகளின் வேலை அல்ல என்பது தெளிவான பின்னரும் 'நொதித்தல்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வினை நிகழும் முறை

வாட்டிய இலையை உருட்டும்போது செல்கள் சிதைகின்றன. அதுவரை தனித்தனியே இருந்த கேட்டிச்சின்களும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் கலக்கின்றன. நொதியிலுள்ள தாமிர அயனிகள் கேட்டிச்சினிடமிருந்து எலக்ட்ரான்களைப் பெற்று, காற்றிலுள்ள ஆக்சிஜனுக்கு அளிக்கின்றன. கேட்டிச்சின் குயினோனாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களை ஏற்று, இரண்டு நீர் மூலக்கூறுகளாக ஒடுக்கமடைகிறது. குயினோன்கள் தம்முள் இணைந்து, தேநீருக்கு நிறமும் துவர்ப்பும் தரும் தியாஃபிளேவின் முதலியவற்றை உருவாக்குகின்றன.

வரையறை

18-ஆம் நூற்றாண்டில் லவாய்சியர், எரிதலும் உலோகம் துருப்பிடித்தலும் ஆக்சிஜனுடன் சேர்வதால் நிகழ்பவை என விளக்கினார். 'ஆக்சிஜனேற்றம்' என்ற சொல்லின் வேர் இதுவே. ஆனால் கேட்டிச்சின் குயினோனாகும்போது அதில் ஆக்சிஜன் சேர்வதில்லை, ஹைட்ரஜனே நீங்குகிறது. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்த பின் உருவான வரையறை இதையும் உள்ளடக்குகிறது: எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம்; ஏற்பது ஒடுக்கம். ஒரு பொருள் இழந்தால்தான் மற்றொன்று ஏற்க முடியும் என்பதால் இரண்டும் எப்போதும் சேர்ந்தே நிகழ்கின்றன.

வினையை நிறுத்துதல்

உலர்த்தியின் வெப்பம் நொதியைச் செயலிழக்கச் செய்து வினையை நிறுத்துகிறது. பசுந்தேயிலைக்கு, உருட்டும் முன்பே இலையைச் சூடாக்குகின்றனர். நொதி அப்போதே செயலிழப்பதால் இலையின் பச்சை நிறம் பெரும்பாலும் மாறுவதில்லை.