பதிவேட்டில் ஏறாத இடுப்புகள்

பர்கூர்ப் பெண்ணுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோனால் கிருஷ்ணகிரி, ஓசூர், இல்லையென்றால் மாநில எல்லை தாண்டி பெங்களூரு. பொருத்திய செயற்கை மூட்டின் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் ஆஸ்பத்திரிக் கோப்பில் தங்கிவிடும். அவள் ஊர் திரும்பிவிடுவாள். பத்து வருடம் கழித்து அந்த மூட்டு எப்படி இருக்கிறது என்பதை யார் எழுதிவைக்கிறார்கள்? இந்த வரலாற்றின் மையக் கேள்வி அதுதான்.

1962இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி, உலோக உருண்டையையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் சிமெண்டால் பொருத்தினார். வலி போனது. ஆனால் வருடங்கள் போகப்போக, கிண்ணம் தேய்ந்து உதிரும் துகள்களைத் தின்ன வரும் உடல் செல்கள் சுற்றியுள்ள எலும்பையும் கரைக்கத் தூண்டின. பழி நெடுங்காலம் சிமெண்டின் மேல் விழுந்தது.

பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுகள் மறுபடி சந்தைக்கு வந்தன. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ நிறுவனம் விற்ற ஏஎஸ்ஆர் அவற்றில் ஒன்று. அதன் கிண்ணம் ஆழம் குறைந்தது. சிறிய அளவுகளில் உருண்டை விளிம்பில் உரசும். கோபால்ட், குரோமியம் துகள்கள் உதிர்ந்து தசையையும் எலும்பையும் அரிக்கும். சிறிய அளவு பெரும்பாலும் யாருக்கு? பெண்களுக்கு. பெண்ணின் எலும்பு சிறியது என்பது தயாரித்தவர்களுக்குத் தெரியாத சங்கதியா என்ன!

இதை வெளியே கொண்டுவந்தவை பதிவேடுகள். ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டுப் பதிவேடு எச்சரித்ததால் 2009இல் அங்கே விற்பனை நின்றது. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டை வைத்து 2012இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, பல நிறுவனங்களின் மூட்டுகளையும் சேர்த்துப் பார்த்தது. அறுபது வயதுப் பெண்களில் 46 மில்லிமீட்டர் உலோக மூட்டு பொருத்தியவர்களில் 6.1 சதவீதம் பேருக்கு ஐந்து வருடத்துக்குள் மறு அறுவை தேவைப்பட்டது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் 28 மில்லிமீட்டர் உலோக உருண்டை வைத்தவர்களில் அது 1.6 சதவீதம்.

மறு அறுவை முதல் அறுவையைப் போன்றதல்ல. கிண்ணத்தைத் தாங்க எலும்பு மிஞ்சியிருக்காது. தானம் பெற்ற எலும்பைச் சில்லுகளாக்கிக் குழியில் இறுக அடைத்து, அதன்மேல் புதுக் கிண்ணம் வைக்க வேண்டியிருக்கும். நெதர்லாந்தின் நைமேகன் மருத்துவர்கள் வளர்த்த முறை இது. பலருக்கு நன்றாகவே பலன் தருகிறது. ஆனாலும் இரண்டாவது மூட்டு பொதுவாக முதலாவது அளவுக்கு உழைப்பதில்லை.

இந்தியாவில் ஏறத்தாழ 4,700 ஏஎஸ்ஆர் அறுவைகள் நடந்தன. மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது 2017இல்தான். 2018இல் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என்று முடிவானது. அதற்குள் கண்டறியப்பட்டிருந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். மற்றவர்களின் முகவரி மாறியிருக்கலாம்; கோப்பு தொலைந்திருக்கலாம். தன் இடுப்புக்குள் இருப்பது எந்தக் கம்பெனிப் பொருள் என்பதே சிலருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்த ஸ்டிக்கரின் நகலைக் கேட்டு வாங்கி ரேஷன் கார்டோடு வையுங்கள்.