சமக்குறி பிறந்த கதை

14x + 15 = 71. எட்டாம் வகுப்புப் பிள்ளை அரை நிமிடத்தில் முடித்துவிடும் கணக்கு. இருபுறமும் 15ஐக் கழித்தால் 14x = 56. இருபுறமும் 14ஆல் வகுத்தால் x = 4. சமக்குறி போட்டு முதன்முதலாக அச்சேறிய சமன்பாடு இதுதான். ஊர் லண்டன், ஆண்டு 1557, எழுதியவர் ராபர்ட் ரெக்கார்ட்.

இந்த வகைக் கணக்கு அவருக்கு மிகவும் முந்தையது. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான எகிப்தின் ரைண்ட் பாப்பிரஸில் ஒரு கேள்வி இருக்கிறது: ஓர் எண்ணோடு அதன் ஏழில் ஒரு பங்கைச் சேர்த்தால் 19, அந்த எண் எது? 7 என்று வைத்துப் பார்க்கிறார்கள். 8 வருகிறது. 8ஐ 19 ஆக்க எத்தனை மடங்கு வேண்டுமோ, 7ஐயும் அத்தனை மடங்காக்கினால் விடை. ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி இந்த ஊகத்துக்கே வேலை வைக்கவில்லை. ஒரு பக்கத்தில் குறைவதை இரு பக்கத்திலும் சேர்ப்பது, இரு பக்கத்திலும் பொதுவாக இருப்பதை நீக்குவது என்று முறை வகுத்தார். ஆனால் அத்தனையும் சொற்களில். எண்களைக்கூட அவர் எழுத்தால்தான் எழுதினார்.

ரெக்கார்ட் வேல்ஸ் நாட்டின் டென்பி ஊர்க்காரர், தொழிலால் மருத்துவர். படித்தவர்கள் லத்தீனில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் சாதாரண மக்கள் படிக்கட்டும் என்று ஆங்கிலத்தில் கணித நூல்கள் எழுதினார். ‘அறிவைத் தீட்டும் சாணைக்கல்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட அவருடைய 1557ஆம் ஆண்டு நூல், ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்வதுபோல் போகும். அதில் ஓரிடத்தில், ‘இது அதற்குச் சமம்’ என்று திரும்பத் திரும்ப எழுதும் அலுப்பைத் தவிர்க்க ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை இடப்போவதாகச் சொல்கிறார். ஏன் அந்தக் கோடுகள்? அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாதாம். நாம் போடும் குறியைவிடப் பல மடங்கு நீளமாகவே அவர் கோடுகள் ஓடுகின்றன. தெரியாத எண்ணுக்கு x அவரிடம் இல்லை. அது கணித அறிஞர் டெகார்ட் வழியாக 1637இல் நிலைபெற்றது. ரெக்கார்ட் ஜெர்மானியக் கணக்கர்கள் வைத்திருந்த வேறொரு குறியை எடுத்துக்கொண்டார்.

இணைகோடுகளுக்கு அவர் சொன்ன அந்தக் காரணம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. சுருக்கெழுத்து மட்டும் போதுமென்றால் எந்தக் கிறுக்கலும் போதும். அவர் தேடியது சமம் என்பதையே கண்ணுக்குக் காட்டும் குறியை. நம் வகுப்புகளில் என்ன நடக்கிறது? ‘கூட்டல் அந்தப் பக்கம் போனால் கழித்தல்’ என்று பாடம் செய்துவிடுகிறோம். 15 எங்கும் போகவில்லை. இருபுறமிருந்தும் ஒரே அளவு எடுக்கப்பட்டது, அவ்வளவுதான். சமக்குறியை ‘விடையை எழுது’ என்ற கட்டளையாகப் படித்துப் பழகிய பிள்ளைகள், 8 + 4 = ☐ + 5 என்று கேட்டால் கட்டத்துக்குள் 12 என்று எழுதிவிடுகிறார்கள். வேண்டியது 7. இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று முத்திரை குத்துவது அநியாயம். கோடுகள் என்ன சொல்கின்றன என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

நூல் வெளிவந்தபோதே ரெக்கார்டுக்குக் கேடு சூழ்ந்திருந்தது. பிரிஸ்டல் நாணயச்சாலையிலும் அயர்லாந்துச் சுரங்கங்களிலும் அரசுப் பொறுப்பு வகித்தவர் அவர். செல்வாக்குமிக்க பெம்புரோக் பிரபுமீது அவர் குற்றம் சாட்ட, பிரபு அவதூறு வழக்குப் போட்டார். 1,000 பவுண்டு கட்டவேண்டும் என்று தீர்ப்பு. சாணைக்கல் நூலின் முடிவிலும் கதவு தட்டப்படுகிறது, தூதுவன் வந்திருக்கிறான், ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டுக் கிளம்புகிறார். பணம் கட்ட வழியில்லாமல் சிறைப்பட்ட ரெக்கார்ட், 1558இல் சிறையிலேயே இறந்தார்.

குறியும் அவரோடு போயிருக்கலாம். அறுபது ஆண்டுகள் அது அச்சில் தலைகாட்டவில்லை. ஒருவர் இரண்டு செங்குத்துக் கோடுகளைச் சமக்குறியாக வைத்தார். பிரான்சின் வியட் இதே இணைகோடுகளை இரண்டு எண்களின் வித்தியாசத்துக்குப் பயன்படுத்தினார். டெகார்ட் தமக்கென வேறு குறி வைத்துக்கொண்டார். 1618இல் ஒரு நூலின் பின்னிணைப்பில் ரெக்கார்டின் கோடுகள் மீண்டும் வந்தன. 1631இல் கணித அறிஞர்கள் ஹாரியட், ஆட்ரெட் ஆகியோரின் நூல்களால் இங்கிலாந்தில் வேரூன்றின. நியூட்டனும் லைப்னிட்ஸும் இதையே கையாண்ட பிறகு, ஐரோப்பாவில் மற்றக் குறிகள் மெல்ல வழக்கொழிந்தன.