ஜார்ஜ் டவுன், சென்னை

ஜார்ஜ் டவுன் தமிழ்நாட்டின் தலைநகரான சென்னையில், புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே அமைந்துள்ள பழமையான வணிகப் பகுதியாகும். ஆங்கிலேயர் காலத்தில் இது கறுப்பர் நகரம் என அழைக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் நினைவாக இப்பெயர் சூட்டப்பட்டது. பாரிமுனை, மண்ணடி, பூக்கடை, சௌகார்பேட்டை ஆகியவை இதனுள் அடங்கும்.

வரலாறு

1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி இங்கு நிலம் பெற்றபின், கோட்டையை ஒட்டி நெசவாளரும் வணிகரும் குடியேறினர். 1746இல் பிரெஞ்சுப் படையினர் சென்னையைக் கைப்பற்றி, 1749இல் திருப்பி அளித்தனர். இப்போர்களைத் தொடர்ந்து, பகைவர் மறைந்திருந்து தாக்காதவாறு கோட்டையைச் சுற்றி வெட்டவெளி தேவைப்பட்டது. அதற்காகப் பழைய குடியிருப்பு முழுவதும் இடிக்கப்பட்டது. மக்கள் வடக்கிலிருந்த முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை ஆகிய ஊர்களுக்கு இடம்பெயர்ந்தனர். இவ்விரண்டுமே இன்றைய ஜார்ஜ் டவுன் ஆகும்.

வெட்டவெளியில் எவரும் மீண்டும் வீடு கட்டாதிருக்க 1773இல் எல்லைத் தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று மட்டும் பாரிமுனையிலுள்ள டேர் இல்லத்தின் அருகே எஞ்சியுள்ளது.

புதிய குடியிருப்பைக் காக்க மதில் ஒன்றும் எழுப்பப்பட்டது. அதன் செலவுக்காக மக்கள் மீது வரி விதிக்கக் கம்பனி முயன்றது. எதிர்ப்பின் காரணமாக அவ்வரி வசூலிக்கப்படவில்லை. எனினும் வால்டாக்ஸ் சாலை என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

முக்கிய இடங்கள்

சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் கோயில்கள்: இவற்றின் மூலக் கோயில் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்தது. அது 1757இல் இடிக்கப்பட்டது. பின்னர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் பூக்கடைப் பகுதியில் இரட்டைக் கோயில்களாக மீண்டும் எழுப்பப்பட்டது.

சென்னை உயர் நீதிமன்றம்: இந்தோ-சரசனிக் பாணியில் அமைந்த இக்கட்டடம் 1892இல் திறக்கப்பட்டது. முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 அன்று, செருமானியக் கப்பலான எம்டன் சென்னை மீது குண்டு வீசியது. இதனை நினைவூட்டும் கல்வெட்டு இவ்வளாகத்தின் சுற்றுச்சுவரில் உள்ளது.

கந்தகோட்டம்: இம்முருகன் கோயிலில் இராமலிங்க அடிகள் தெய்வமணிமாலையைப் பாடினார்.

காளிகாம்பாள் கோயில்: தம்புச் செட்டித் தெருவில் உள்ளது. 1677இல் மராட்டிய மன்னர் சிவாஜி இங்கு வழிபட்டார் என்பது நம்பிக்கை.

ஆர்மீனியத் தேவாலயம்: அரண்மனைக்காரன் தெருவில் உள்ள இது 1772இல் கட்டப்பட்டது.

வணிகம்

இங்கு ஒவ்வொரு தெருவும் குறிப்பிட்ட ஒரு வணிகத்திற்குப் பெயர் பெற்றது. தங்கசாலைத் தெரு, பவழக்காரத் தெரு ஆகிய பெயர்கள் பழைய தொழில்களைக் குறிக்கின்றன. கொத்தவால் சாவடியில் இயங்கிய மொத்தக் காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டிற்கு மாற்றப்பட்டது.

போக்குவரத்து

2019 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், மண்ணடி ஆகிய மெட்ரோ நிலையங்கள் திறக்கப்பட்டன. சென்னைக் கடற்கரை தொடருந்து நிலையமும் அருகில் உள்ளது.