கருஞ்சீரகமும் இதயமும்

மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் கருஞ்சீரகத்தில் நிவாரணம் உண்டு என்ற நபிமொழியை நாம் ஸஹீஹுல் புகாரியில் ஓதியுள்ளோம். அதையே ஆதாரமாக்கி, நம் குடும்பங்களில் சிலர் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடுவதையும் காண்கிறோம். முற்கால அறிஞர்கள் அவ்வாறு விளங்கவில்லை. ஹிஜ்ரி 388இல் மறைந்த இமாம் கத்தாபீ (ரஹ்) அவர்கள், சொல் பொதுவாயினும் அதன் கருத்து குறிப்பானது. குளிர்ச்சியாலும் ஈரத்தாலும் வரும் நோய்களையே அது சுட்டும் என்றார்கள். அதே புகாரியில், பயணத்தில் நோயுற்ற ஒருவருக்கு ஐந்து அல்லது ஏழு விதைகளை அரைத்து, எண்ணெயுடன் சேர்த்து மூக்கில் சொட்டு விடச் சொன்ன செய்தியும் உண்டு. அளவும் முறையும் அன்றே இருந்தன.

இக்கால ஆய்வுகள் சிலவற்றில், கருஞ்சீரகம் உட்கொண்டோரின் இரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் சிறிதளவு குறைந்துள்ளன. சிறிதளவுதான், மாத்திரைக்கு அது மாற்றாகாது. இரண்டையும் சேர்த்து உட்கொள்வோர் மருத்துவரிடம் தெரிவித்துவிட வேண்டும். அழுத்தம் மிகவும் தாழ்ந்துவிடக் கூடும்.

இதய நோய் குறித்தே அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உள்ளது. அதன் தொடரில் குறை கண்டோரும் உண்டு. நோயுற்ற ஸஅத் (ரலி) அவர்களின் மார்பில் நபி (ஸல்) அவர்கள் கை வைத்துப் பார்த்து, இதயம் பாதிக்கப்பட்டுள்ளது எனக் கூறி, ஸகீஃப் குலத்து மருத்துவர் ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லப் பணித்தார்கள்.