மூக்கைத் தூக்கின ஜீப்பும் ஹூக் துரையோட மூட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெசன்ட் நகர் பீச் ரோடு பக்கம் போனால் ரெண்டு மூணு மகிந்திரா தார் வண்டியாவது மூக்கைத் தூக்கிக்கிட்டு நிற்கும். பெரிய டயர், முன்பக்கம் ரெண்டு இன்ச் உயரம். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதில் சிலது ஒடிச்சுத் திரும்பும்போது முன்சக்கரத்துக்கிட்ட 'டக் டக் டக்'னு சத்தம் வரும். உடனே பக்கத்தில் நிற்கும் பெரியவர் ஆரம்பிப்பார்: "அந்தக் காலத்து ஜீப்பை எவ்வளவு தூக்கினாலும் ஒண்ணும் ஆகாது தம்பி. அது இரும்பு. இது தகரம்."

எனக்கு இதில் உடன்பாடில்லை மக்களே. பிரச்சினை இரும்பில் இல்லை, கோணத்தில். இந்தக் கோணத்தோட சண்டை முன்னூறு வருஷத்துக்கும் மேலா நடக்குது.

பள்ளிக்கூடத்தில் ஸ்பிரிங் விதி படிச்சோமே, அந்த ராபர்ட் ஹூக்தான் ஆரம்பம். 1676-ல் சூரியனைப் பார்க்கும் கருவிகள் பற்றி அவர் எழுதின புத்தகத்தில், வளைஞ்ச நிலையிலும் சுற்றைக் கடத்துற ஒரு மூட்டை விவரிச்சார். ரெண்டு கவட்டை, நடுவில் ஒரு சிலுவை. நம்ம மெக்கானிக் கடையில் 'கிராஸ்'னு கேட்டால் கொடுப்பாங்களே, அதேதான். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. இந்தப் பக்கம் ஒரே சீராச் சுத்தினாலும் அந்தப் பக்கம் சீராச் சுத்தாது. மூட்டு 30 டிகிரி வளைஞ்சிருந்தால், நிமிஷத்துக்கு 1000 சுற்று உள்ளே போனால், வெளியே வர்ற வேகம் 866-க்கும் 1155-க்கும் நடுவே ஒவ்வொரு சுற்றிலும் ரெண்டு தடவை ஏறி இறங்கும். 10 டிகிரியில் இந்த ஆட்டம் ஒன்றரை சதவீதம்தான். அதனால்தான் ஷாஃப்டின் ரெண்டு முனையிலும் ஒவ்வொரு மூட்டு போட்டு, ரெண்டு கோணத்தையும் சமமா வெச்சு, ஒண்ணோட தப்பை இன்னொண்ணு சரிக்கட்டற மாதிரி அமைச்சாங்க.

பின்சக்கரத்தை ஓட்ட இது போதும். முன்சக்கரம் ஓடவும் வேணும், திரும்பவும் வேணும்னா போதாது. 1926-ல் பிரான்ஸில் கிரெகுவாரும் ஃபெனாயும் 'டிராக்டா' மூட்டைக் கொண்டுவந்தாங்க. அதே இருபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் ஆல்ஃப்ரெட் ஜெப்பா, ஆறு குண்டு போட்ட மூட்டுக்கு காப்புரிமை எடுத்தார். எவ்வளவு வளைஞ்சாலும் குண்டுகள் கோணத்தைச் சரிபாதியாப் பிரிக்கிற தளத்திலேயே நிற்கும், அதனால் வேகம் மாறாது. அழகான ஐடியா. சிவி ஜாயின்ட்னு இன்னைக்கு நாம சொல்றது பெரும்பாலும் இதோட வாரிசுதான்.

ரெண்டாம் உலகப் போர் ஜீப்புகளின் முன் ஆக்சிலில் ஜெப்பா, டிராக்டா, பெண்டிக்ஸ் மூணும் இருந்தது. 1945-ல் தொடங்கின மகிந்திரா கம்பெனி அந்த வில்லிஸ் ஜீப்பைத்தான் இங்கே கொண்டுவந்தது. கவனிங்க: அந்த ஜீப்பில் முன் ஆக்சில் ஒரே உருளை. டிஃபரன்ஷியலும் சக்கரங்களும் சேர்ந்தே ஏறி இறங்கும். பட்டை ஸ்பிரிங்கில் ரெண்டு பட்டை கூடப் போட்டு பாடியைத் தூக்கினாலும், சக்கரத்துக்கிட்ட இருக்கிற மூட்டுக்கு அது தெரியவே தெரியாது. அதுக்கு ஸ்டியரிங் வளைவு மட்டும்தான் வேலை. பெரியவர் சொன்னதில் பாதி உண்மை இதுதான். மீதிப் பாதி? நடுவில் ஓடுற ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி, கிராஸ் தேய்ஞ்சு, வண்டி உதறும். அதை யாரும் கதையில் சேர்க்கிறதில்லை :-)

நம்மூர் மெக்கானிக் கைக்கு சிவி ஜாயின்ட் பெருவாரியா வந்தது 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான். ஜீப் பக்கம் கதை மாறினது 2010-ல். அந்த வருஷம் வந்த தார் சிஆர்டிஇ-யில் முன்சக்கரங்கள் தனித்தனி, டார்ஷன் பார் சஸ்பென்ஷன். 2020-ல் வந்த புது தாரில் காயில் ஸ்பிரிங், ஆனா முன்சக்கரம் அதிலும் தனித்தனிதான். டிஃபரன்ஷியல் சேசிஸோட இருக்கும். பாடியைத் தூக்கினால் அதுவும் மேலே போகும், சக்கரம் மட்டும் தரையில் நிற்கும். நடுவில் இருக்கிற குட்டி ஷாஃப்ட் சாய்ஞ்சே ஆகணும்.

கணக்கு போடுவோம். மூட்டுக்கு மூட்டு 40 செ.மீ. நீளம்னு வெச்சுக்குங்க. ரெண்டு இன்ச், அதாவது 5 செ.மீ. தூக்கினால் சுமார் 7 டிகிரி கூடுது. வெளி மூட்டு 45 டிகிரி சுமார் தாங்குமே, 7 என்ன பிரமாதம்னு தோணும். ஆனா அந்த 45 முழுசா ஒடிச்சுத் திரும்புற கொஞ்ச நேரத்துக்கு. நீங்க கொடுத்த 7 டிகிரி, ஈசிஆரில் நேரா மகாபலிபுரம் போற வரைக்கும் கூடவே இருக்கு. குண்டு ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்தில் கூடுதல் தூரம் உரசும், சூடாகும். ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒண்ணோடு ஒண்ணு தேய்ஞ்சு கிழியும். கிரீஸ் வெளியே தெறிக்கும், மணல் உள்ளே போகும். அப்புறம்தான் அந்த 'டக் டக்'.

டார்ஷன் பாரில் இது இன்னும் ஈஸி, அதுதான் ஆபத்தே. புது ஸ்பிரிங்கே வேண்டாம், ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும். காசில்லாத லிஃப்ட்னு நினைச்சு முறுக்கிடறாங்க. சக்கரம் கீழே இறங்கறதுக்கு மிச்சமிருந்த தூரத்தையும் அது சாப்பிட்டுடும். ஒழுங்கா செய்யணும்னா டிஃபரன்ஷியலையும் பிராக்கெட் போட்டுக் கீழே இறக்கணும்.

செகண்ட் ஹேண்டில் தூக்கின தார் வாங்கப் போறவங்க, பெயின்ட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி முன்சக்கர ரிம்மின் உள்பக்கம் கையை விட்டுப் பாருங்க. கிரீஸ் பிசுபிசுப்பு இருந்தால் விலையைக் குறைச்சுக் கேளுங்க. ஆர்.சி.யையும் பாருங்க. கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் சொல்லிடுச்சு.